ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணி? பழைய டீசல் ஜீப்புக்குக் கூலன்ட் மாத்தின கதை

போன வாரம் எபிசோட் வரலன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் இதுதான்: அந்த ஞாயிற்றுக்கிழமை காலைல ஆறு மணியிலருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும், தண்டையார்பேட்டைல எங்க தெருவுல, ஒரு ஜீப்புக்கு அடியில படுத்திருந்தேன். வழக்கமா இந்த நிகழ்ச்சில சாப்ட்வேர் பத்திப் பேசுவோம். இன்னிக்கு ஒரு சொட்டு சாப்ட்வேர்கூட இல்லாத வண்டியைப் பத்திப் பேசப் போறோம்.

வண்டி சித்தப்பாவோடது. மகிந்திரா எம்எம்540. உள்ளே இருக்கிறது பியூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின். இந்தப் பேரே ஒரு ஸ்பெக் ஷீட்தான். 4-ன்னா நாலு சிலிண்டர், 90-ன்னா ஒவ்வொரு சிலிண்டரும் 90 மில்லிமீட்டர் விட்டம். ஸ்ட்ரோக் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தா 2112 சிசி வரும். பிரான்ஸ்காரங்க வடிவமைச்சதை மகிந்திரா லைசன்ஸ் வாங்கி இங்கேயே செஞ்சாங்க. இசியு கிடையாது, சென்சார் கிடையாது. இப்போ வர்ற வண்டி சூடு ஏறினா தானாவே பவரைக் குறைச்சு, திரையில எச்சரிக்கை காட்டும். இதுல ஒரே ஒரு முள்ளு. அந்த முள்ளை நீங்க பார்க்கலன்னா வேற யாரும் உங்களுக்குச் சொல்லப் போறதில்ல.

நாங்க பார்க்கல. கொல்லிமலைக்குப் போயிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல ஏறினதும் பானெட் ஓரத்துல இருந்து ஆவி வர ஆரம்பிச்சது. நான் இறங்கி, துண்டைச் சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடியில கைய வச்சேன். சித்தப்பா கத்தினார்: "டேய், எட்ட வா! தொறந்தா மூஞ்சி வெந்துடும்!" அப்போ எனக்குக் கோவம்தான் வந்தது. பிறகுதான் அதோட இயற்பியல் புரிஞ்சது. ரேடியேட்டர் ஒரு குக்கர் மாதிரி. உள்ளே அழுத்தம் இருக்கிற வரைக்கும் தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்த அதே நொடியில அழுத்தம் போயிடும், உள்ள இருக்கிறது மொத்தமும் ஒரே நேரத்துல கொதிச்சு வெளிய பாயும். துண்டு அதைத் தாங்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல காத்திருந்து, மேல் ஹோஸை வெறும் கையால பிடிக்க முடியுற அளவுக்கு ஆறினப்புறம்தான் திறந்தோம். உள்ளே இருந்தது டீக்கடை டிகாஷன் நிறத்துல ஒரு திரவம்.

"இதுல என்ன ஊத்துவீங்க சித்தப்பா?"ன்னு கேட்டேன்.

"இன்னாத்த ஊத்துவாங்க? தண்ணிதான். இருபது வருஷமா ஊத்துறேன்."

இன்னிக்கு எபிசோடு மொத்தமும் அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான். தண்ணின்னா எந்தத் தண்ணி?

முதல்ல சித்தப்பா பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிடறேன். சூட்டை எடுத்துக்கிட்டுப் போற வேலையில, வெறும் தண்ணிதான் கூலன்ட் கலவையை விடக் கெட்டி. ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேணும். எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணி பாதின்னு கலந்தா அது சுமார் 3.4-க்கு இறங்கிடும். அப்போ எதுக்குக் கலக்கணும்? ஐஸ் ஆகாம இருக்கத்தான்னு சொல்லுவாங்க. 50:50 கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது. தண்டையார்பேட்டைல அதை வச்சு என்ன பண்றது? ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவுல ஜனவரியில உறைபனி விழுது, சரி. அதுக்காக இங்க இருக்கிற வண்டிக்கெல்லாம் கூலன்ட் வேணும்னு சொன்னா சித்தப்பா சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

நமக்கு வேண்டிய காரணம் வேற ரெண்டு. ஒண்ணு கொதிநிலை. கலவை வெளியிலேயே சுமார் 107 டிகிரி வரைக்கும் தாங்கும். 15 பிஎஸ்ஐ மூடி போட்டா அது 129 கிட்ட போகும். வெறும் தண்ணிக்கு அதே மூடியில 120. கொல்லிமலை மாதிரி 1200 மீட்டர் உயரத்துல, மூடியோட ரப்பர் வாஷர் செத்துப்போயிருந்தா, தண்ணி 96 டிகிரியிலேயே கொதிக்கும். எங்க மூடியோட ரப்பர் அப்பளம் மாதிரி உடைஞ்சது. இந்த எபிசோடுல வேற எதுவும் செய்யலன்னாலும் பரவால்ல, அந்த மூடியை மட்டும் மாத்துங்க. இந்த வேலையிலேயே ரொம்ப மலிவான பார்ட் அதுதான்.

ரெண்டாவது காரணம்தான் பெருசு: துரு. கூலன்ட் கேன்ல கிளைக்காலோட சேர்த்து கொஞ்சமா துரு தடுப்பு ரசாயனங்கள் இருக்கும். நீங்க காசு கொடுக்கிறது உண்மையில அதுக்குத்தான். வார்ப்பிரும்பு பிளாக், பித்தளை ரேடியேட்டர், நடுவுல ஈயப் பத்தவைப்பு. இத்தனை உலோகமும் ஒரே தண்ணியில ஊறினா அது ஒரு சின்ன பேட்டரி. அந்தத் தண்ணியில உப்பு இருந்தா பேட்டரி இன்னும் நல்லா வேலை செய்யும்.

இங்கதான் நம்ம ஏரியா வருது. சென்னைக்கு வடக்கே, மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீருக்குள்ள கடல் தண்ணி ஏறி வருதுங்கறது பல பத்து வருஷமாத் தெரிஞ்ச விஷயம். 2010-ல காட்டுப்பள்ளியில கடல்நீரைக் குடிநீராக்கற நிலையம் தொடங்கினாங்க, நாளுக்கு 100 மில்லியன் லிட்டர். வட சென்னை பக்கம் குழாயில அந்தத் தண்ணியும் வந்திருக்கு. 2013-ல தண்டையார்பேட்டைல போர் தண்ணியில எரிபொருள் வாடையே வந்தது. துறைமுகத்திலருந்து வர்ற எண்ணெய்க் குழாய்ல கசிவு. எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சமைக்க ஒரு தண்ணி, குளிக்க ஒரு தண்ணி, துணிக்கு ஒரு தண்ணின்னு பிரிச்சுச் சொல்லுவாங்க. பக்கெட்டுல ஊத்திப் பார்த்தே இது மெட்ரோ வாட்டர், இது போர்னு எங்க அம்மா சொல்லிடுவாங்க. அப்படிப்பட்ட ஊர்ல, ரேடியேட்டருக்கு மட்டும் கைக்குக் கிடைச்ச தண்ணி. ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி சித்தப்பா வீட்டு போர்ல வச்சேன். நாலு இலக்கம் காட்டுச்சு. குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் சொல்ற ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்.

அந்த உப்பெல்லாம் எங்க போகும்? சூடான இடத்துல ஒட்டிக்கும். வீட்டு வாட்டர் ஹீட்டர் காயில்ல வெள்ளையா ஏறுமே, அதேதான். வார்ப்பிரும்போட வெப்பக் கடத்துதிறன் சுமார் 50-ன்னா, சுண்ணாம்புப் படிவுக்கு ரெண்டோ மூணோதான். அதாவது சிலிண்டரைச் சுத்தி ஒரு மில்லிமீட்டர் படிவு ஏறினா, இருபது மில்லிமீட்டர் தடிமனுக்கு இரும்பு சேர்த்த மாதிரி. முன்னாடி ரேடியேட்டர் சில்லுன்னு இருக்கும், உள்ளே ஹெட் வெந்துக்கிட்டு இருக்கும். இந்த பியூஜோ எஞ்சின் வேற இன்டைரக்ட் இஞ்செக்ஷன். டீசல் முதல்ல ஹெட்டுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன அறையில எரிஞ்சுட்டுத்தான் சிலிண்டருக்கு வரும். அதனால சூட்டுல பெரிய பங்கை ஹெட்டும் தண்ணியும்தான் வாங்கிக்கணும். புது டைரக்ட் இஞ்செக்ஷன் டீசலை விட இதுக்குக் குளிர்ச்சி அதிகம் வேணும்.

சரி, வேலைக்கு வருவோம். எனக்கு உதவிக்கு எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் வந்தார். கன்டெய்னர் ட்ரெய்லர் வேலை பார்க்கிறவர். காலைல எஞ்சின் முழுசா ஆறியிருக்கும்போது ஆரம்பிச்சோம். மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடியில இருக்கிற திருகைத் திறந்தோம். வரல. கம்பி விட்டுக் குத்தினப்புறம் சேறு மாதிரி வந்தது. நிறைய பேர் இதோட நிறுத்திடுவாங்க. ஆனா பிளாக்குக்குள்ள இருக்கிற தண்ணி இதுல வராது. அதுக்கு பிளாக்கோட பக்கத்துல தனியா ஒரு பிளக் உண்டு. எங்க வண்டில அது துருப்பிடிச்சு அசையவே இல்ல. அண்ணன் ரெண்டு தடவை ஸ்பானர் போட்டுப் பார்த்துட்டு, "தம்பி, இதை ஒடைச்சுட்டா அப்புறம் பிளாக்கோட மல்லுக்கட்டணும். விட்டுடு, கழுவியே எடுப்போம்"ன்னார். விட்டோம். இந்த முடிவு பின்னாடி ஒரு கணக்குல வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

கழுவுறதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட்டைக் கழட்டணும், அப்போதான் தண்ணி தாராளமாச் சுத்தும். எங்களுக்கு அந்த வேலை மிச்சம். திறந்து பார்த்தா தெர்மோஸ்டாட்டே இல்ல! எப்பவோ யாரோ கழட்டி எறிஞ்சிருக்காங்க. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்"னு சொல்ற மெக்கானிக் ஒவ்வொரு தெருவுலயும் ஒருத்தர் உண்டு. இது தப்பு. டீசல் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரலன்னா எரிபொருள் முழுசா எரியாது, புகை வரும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்ல தெர்மோஸ்டாட் இல்லன்னா பைபாஸ் வழி எப்பவும் திறந்தே இருக்கும். தண்ணியில ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாது. சூடு குறையணும்னு கழட்டினது சூட்டைக் கூட்டிடும். புதுசு வாங்கினோம். வாங்கினதை அப்படியே போடாதீங்க. நூல்ல கட்டி, பழைய பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சு, தெர்மாமீட்டரோட இறக்கிப் பாருங்க. எங்களோடது 82-ன்னு போட்டிருந்தது, அதை ஒட்டியே திறந்தது. பாத்திரம் அம்மாவோடது. திரும்பக் கிச்சனுக்குப் போகல, புதுசு வாங்கிக் கொடுத்தேன்.

கழுவுறது ரொம்ப எளிமை, ஆனா பொறுமை வேணும். தண்ணி நிரப்பு, வண்டியை ஓடவிடு, நல்லாச் சூடாகட்டும், நிறுத்து, ஆறவிடு, இறக்கு. மறுபடி நிரப்பு. சூடான பிளாக்குல பச்சைத் தண்ணி ஊத்தினா விரிசல் விடும். அதனால ஒவ்வொரு சுத்துக்கும் ஆற ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஒரு நாள் முழுக்கப் போனது இதுலதான். முதல் சில சுத்துக்குக் குழாய்த் தண்ணி போதும், அது உள்ளே தங்கப் போறதில்ல. கடைசி ரெண்டு சுத்து மட்டும் பேட்டரி கடையில கிடைக்கிற டிஸ்டில்ட் வாட்டர். அஞ்சாவது சுத்துல டிகாஷன் நிறம் போய் கண்ணாடி மாதிரி வந்தது. சிட்ரிக் ஆசிட் போட்டுப் படிவைக் கரைக்கலாமான்னு கேட்டேன். "தம்பி, இந்த ரேடியேட்டர் நிக்கறதே துருவாலதான். அதைக் கரைச்சுட்டா ஷவர் ஆயிடும்"னு அண்ணன் சொன்னார். இன்னொண்ணு: இந்த வண்டி பேன் பெல்ட்டுல ஓடறது. எஞ்சின் ஓடற வரைக்கும் அதுவும் சுத்தும். லுங்கியோட, தோள்ல துண்டோட பானெட்டுக்குள்ள குனியாதீங்க.

இப்போ எந்தக் கூலன்ட்? நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் கம்பெனிக்காரன் போடற சாயம், தரம் கிடையாது. கேன்ல ஐஎஸ் 5759 இல்ல ஜேஐஎஸ் கே 2234-ன்னு இருக்கான்னு பாருங்க. ஐஏடின்னு சொல்ற பழைய வகையா, ஓஏடின்னு சொல்ற கரிம அமில வகையான்னும் பாருங்க. பித்தளை ரேடியேட்டர், ஈயப் பத்தவைப்பு இருக்கிற வண்டிக்குப் பழைய வகைதான் பாதுகாப்பு. அதுக்கு ஆயுசு சுமார் ரெண்டு வருஷம். அஞ்சு வருஷம் வரும்னு ஓஏடி வாங்கினா அது ஈயத்தோட ஒத்துப்போகாம போகலாம். ரெண்டையும் கலக்கவே கலக்காதீங்க. அண்ணன் பார்க்கிற ட்ரெய்லர் மாதிரி பெரிய எஞ்சின்கள்ல இன்னொரு விஷயம் இருக்கு. நிறைய பெரிய டீசல்கள்ல லைனரே தண்ணியில நிக்கும். அந்த அதிர்வுல சின்னச் சின்னக் குமிழி வெடிச்சு வெடிச்சு இரும்புலயே ஊசி ஓட்டை போட்டுடும். அதுக்குன்னே தனி சேர்க்கை உள்ள கூலன்ட் போடுவாங்க. நம்ம வண்டிக்கு அது வேண்டாம்.

இப்போதான் அந்தக் கணக்கு. நிறைய பேர் ஏமாறற இடம் இது. புரியறதுக்காக ஒரு வண்டியோட மொத்தக் கொள்ளளவு 10 லிட்டர்னு வச்சுக்குவோம். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாருங்க. ரேடியேட்டரைத் திறந்தா 6 லிட்டர்தான் வெளிய வருது. பாக்கி 4 லிட்டர் பிளாக்குல நிக்குது. எங்களுக்கு பிளாக் பிளக் அசையலையே, அதேதான். கழுவினப்புறம் அந்த 4 லிட்டரும் வெறும் தண்ணி. இப்போ நீங்க கடையில ரெடிமிக்ஸ் 50:50 வாங்கி 6 லிட்டர் ஊத்தினா உள்ளே கூலன்ட் எவ்வளவு? 3 லிட்டர். 10-க்கு 3, முப்பது சதவீதம். கேன் மேல 50 போட்டிருக்கும், எஞ்சினுக்குள்ள 30 ஓடும். அதனால ரெடிமிக்ஸ் வேண்டாம், கான்சன்ட்ரேட் வாங்குங்க. மொத்தக் கொள்ளளவுல பாதி, அதாவது 5 லிட்டரை முதல்ல ஊத்துங்க. மேல மீதி இடத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர். வெளிய வந்ததை அளந்து பிடிங்க, இந்த மொத்தக் கணக்கும் அந்த அளவுல நிக்குது.

ஊத்தும்போது காத்து மாட்டிக்கும். முன் சக்கரம் மேடா இருந்தா மூடி இருக்கிற பக்கம் உயரமாகி காத்து வெளிய வந்துடும். தண்டையார்பேட்டைல மேட்டுக்கு எங்க போறது? தெருமுனையில ஒரு வீட்டு வாசல் சரிவுல பெர்மிஷன் கேட்டு ஏத்தினோம். ஆறின எஞ்சினை மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டோம். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் டபக்னு இறங்கும். நிரப்பி மூடிடணும். குமிழி கொஞ்ச நேரத்துல நிக்கணும். நிக்காம வந்துக்கிட்டே இருந்தா அது காத்து இல்ல, சிலிண்டர் கேஸ். ஹெட் கேஸ்கெட் போயிருக்குன்னு அர்த்தம். டிப்ஸ்டிக்ல ஆயில் பால் காபி மாதிரி இருந்தாலும் அதேதான். கொல்லிமலையில அவ்வளவு சூடாகியும் எங்களுக்குக் குமிழி நின்னது. நான் மூச்சு விட்டது அப்போதான்.

இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாப் போச்சு. இப்போ நான் பண்ணின தப்பு.

கான்சன்ட்ரேட்ல கொஞ்சம் மிச்சம். கேன் மூடி உடைஞ்சுடுச்சுன்னு, ஒரு கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி படிக்கட்டுல வச்சுட்டுக் கை கழுவப் போயிட்டேன். பளபளன்னு பச்சை. திரும்பி வந்தா அக்கா பையன், அஞ்சு வயசு, பாட்டிலை மடியில வச்சு மூடியைத் திருகிக்கிட்டு இருக்கான். திறந்திருக்கல. அவ்வளவுதான். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். குழந்தைக்கோ தெரு நாய்க்கோ துப்பத் தோணாது. குடிச்சா முதல்ல போதை மாதிரி இருக்கும், அப்புறம் சரியான மாதிரிகூடத் தெரியும். அதுக்குள்ள கல்லீரல் அதை அமிலமா மாத்தி, சிறுநீரகத்துல ஆக்சலேட் படிகமாப் படிய வச்சுடும். யாராவது குடிச்சுட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலே 108-க்குப் போன் பண்ணுங்க, கேனைக் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. மாற்று மருந்து இருக்கு, ஆனா நேரம் முக்கியம். அக்காகிட்ட இதைச் சொல்லாம மறைக்கலாம்னு நினைச்சேன். சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசல.

அடுத்தது, பழைய திரவம். சித்தப்பா தன் வாழ்நாள் முழுக்கச் செஞ்சது சாக்கடையில ஊத்தறதுதான். அது கால்வாய் வழியாக் கடலுக்குப் போகும். 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் வந்து, வலையும் படகும் கருப்பானப்போ சித்தப்பாதான் டீக்கடையில ரொம்பக் கத்தினவர். அதை ஞாபகப்படுத்தினேன். "அது கம்பெனி டா, இது அஞ்சு லிட்டர்"ன்னார். அப்புறம் அவரே கேனை எடுத்து ஓரமா வச்சார். பழைய கூலன்ட்ல எஞ்சின்லருந்து கரைஞ்ச ஈயம், தாமிரம் எல்லாம் இருக்கும். கொடுக்கறதுக்கு இடம் தேடிப் போனேன். முதல் ஒர்க்ஷாப்ல "ஓரமா ஊத்திட்டுப் போ தம்பி"ன்னாங்க. ரெண்டாவது இடத்துல பழைய ஆயில் டிரம் இருந்தது, அதுல கலக்கக் கூடாதுன்னு மறுத்தாங்க. அவங்க சொன்னது சரிதான், கலந்தா அந்த ஆயிலும் வீண். மூணாவதா ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல, புது மூடி அங்க வாங்கினதால வாங்கிக்கிட்டாங்க. நீங்க கூலன்ட் வாங்கும்போதே பழசை எடுத்துக்குவீங்களான்னு கேட்டு வாங்குங்க.

பானெட்டுக்கு அடியில ஒரு டேப் ஒட்டி, தேதி, எந்த வகை, எத்தனை லிட்டர்னு எழுதிட்டேன். அதுக்குக் கீழ சித்தப்பா தன் கையெழுத்துல "போர் தண்ணி ஊத்தாதே"ன்னு எழுதியிருக்கார். அவரே தனக்கு எழுதிக்கிட்டதுன்னு நினைக்கிறேன்.

முதல் தடவை கழுவின தண்ணி, அந்த டிகாஷன், ஆறு லிட்டர் இன்னும் எங்க மாடிப்படிக்குக் கீழ பூட்டின பெட்டியில இருக்கு. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் அதை முறையா வாங்கிக்கிற இடம் தெரிஞ்சா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.